மூன்று வாரம் கத்திய பெட்டி

“சார், அந்தப் பெட்டி மூணு வாரமா கீக்கீன்னு கத்திக்கிட்டே இருந்துச்சு. யாருக்கும் வேலையே ஓடல. அதான் ரூம் கதவைச் சாத்தி வெச்சிட்டோம்.”

ஒரு ஃபைல் சர்வர் செத்துப்போன கதையை இதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது. இருபது பேர் வேலை செய்யும் வீடியோ எடிட்டிங் அலுவலகம். எல்லோருடைய கோப்புகளும் ஒரே நாஸ் பெட்டியில், அதாவது எல்லோரும் வலை வழியாகப் பகிரும் டிஸ்க் பெட்டியில். உள்ளே 4 டெராபைட் டிஸ்குகள் எட்டு, பல டிஸ்குகளை ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் ரெய்டு 5 முறையில். எட்டில் எது செத்தாலும் ஒரு கோப்பும் போகாது என்று சொல்லி அதை அமைத்துக் கொடுத்தவன் நான்தான். ஒன்று செத்தது. சொன்னபடியே ஒரு கோப்பும் போகவில்லை. அதனாலேயே ஒரு டிஸ்க் செத்திருக்கிறது என்று யாருக்கும் உறைக்கவில்லை. மிச்சமிருந்தது அந்தக் கீக்கீ சத்தம் மட்டும். கதவைச் சாத்தியதும் அதுவும் நின்றுபோனது.

நான் போய்ப் பார்த்து, புது டிஸ்க் வாங்கிப் போட்டு, செத்ததன் தகவலை மற்ற டிஸ்குகளிலிருந்து கணக்கிட்டு எழுதும் மறுகட்டமைப்பை ஓடவிட்டேன். பாதி தாண்டியதும் இன்னொரு டிஸ்கில் ஒரு செக்டாரை, அதாவது டிஸ்கின் ஒரு சிறு துண்டை, படிக்க முடியவில்லை என்று பிழை வந்தது. பெட்டி அந்த டிஸ்கையும் செத்ததாகக் கணக்கு வைத்து வெளியே தள்ளிவிட்டது. ரெய்டு 5-இல் இரண்டு போனால் எல்லாம் போனது. திரையில் மொத்த அமைப்பும் சிவப்பாக நின்றது. பின்னால் யாரோ “ஆச்சா சார்?” என்று கேட்டார்கள்.

மீட்டுவிட்டோம். டிடிரெஸ்க்யூ என்ற கருவியால், தகராறு செய்த அந்த இரண்டாவது டிஸ்கை இன்னொரு புது டிஸ்கில் செக்டார் செக்டாராக நகலெடுத்தேன். படிக்க முடியாத சில கிலோபைட்டுகள் மட்டும் வெற்றிடமாக விழுந்தன. அந்த நகலை வைத்து வேறொரு லினக்ஸ் கணினியில் வலுக்கட்டாயமாகத் தொகுப்பை எழுப்பியதில், இரண்டு வீடியோ கோப்புகள் தவிர மற்றது எல்லாம் வந்துவிட்டது. நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளும் இருபது பேர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்த சர்வரை நான் திட்டமிட்ட விதமே அந்த நான்கு நாளால் மாறிப்போனது. எத்தனை டிஸ்க், எந்த ரெய்டு, எத்தனை டெராபைட் கையில் கிடைக்கும் என்பது அரை மணி நேரக் கணக்கு. நான் அதுவரை அந்தக் கணக்கைத்தான் திட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு டிஸ்க் சாகும் நாளில் அந்த அறைக்குள் யார் இருப்பார்கள், அவர்களுக்கு என்ன தெரியும், புது டிஸ்க் உள்ளே போய் முடியும்வரை எவ்வளவு நேரம் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும் என்று ஒரு முறை கூட யோசித்ததில்லை.

அந்த மூச்சுப் பிடிக்கும் நேரம் ஏன் இவ்வளவு நீண்டுபோனது என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ரெய்டு என்ற பெயர் 1988-இல் வந்தது. பெர்க்லியில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கட்ஸ் மூவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரையில். பெரிய கணினிகளின் விலையுயர்ந்த ஒற்றை டிஸ்குக்குப் பதிலாக மலிவான சிறு டிஸ்குகளைக் கூட்டாக வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் அவர்கள் சொன்னது. ஆங்கிலத்தில் ரெய்டின் மூன்றாம் எழுத்து அப்போது ‘மலிவான’ என்ற சொல்லைக் குறித்தது. விற்க வந்தவர்கள் பிறகு அதைச் ‘சுயேச்சையான’ என்று மாற்றிக்கொண்டார்கள். மலிவு என்று சொல்லி யார் விற்பார்கள்! அவர்கள் கணக்குப் போட்ட சிறு டிஸ்கின் கொள்ளளவு 100 மெகாபைட், வேகம் நொடிக்குச் சுமார் 1 மெகாபைட். அதாவது முழு டிஸ்கையும் ஒரு முறை படித்து முடிக்க இரண்டு நிமிடம் கூட ஆகாது.

இன்றைய 16 டெராபைட் டிஸ்க் கொள்ளளவில் அதைப்போல 1,60,000 மடங்கு. வேகமோ, வெளிவட்டத்தில் 250 மெகாபைட்டும் உள்வட்டத்தில் அதில் பாதியும் என்று, சராசரியாக நொடிக்கு 200 மெகாபைட் என்றே வைத்துக்கொள்வோம். அது 200 மடங்குதான். முழுதாக எழுதி முடிக்க 80,000 நொடி, கிட்டத்தட்ட 22 மணி நேரம். இதுவும் அந்த டிஸ்க் வேறு வேலை எதுவும் பார்க்காமல் இருந்தால். பகலெல்லாம் இருபது பேர் அதே டிஸ்குகளிலிருந்து வீடியோவை இழுத்துக்கொண்டிருந்தால் இரண்டு நாள், மூன்று நாள் என்று போகும். இரண்டு நிமிடத்துக்கு ஒரு டிஸ்க் குறைவாக ஓடுவதும் மூன்று நாளுக்கு ஓடுவதும் ஒரே மாதிரி ஆபத்து இல்லை. ரெய்டு 5-ஐப் பெரிய டிஸ்குகளில் போடாதே என்று எல்லோரும் சொல்வதற்கு அடியில் இருப்பது இந்த எளிய வகுத்தல்தான்.

அந்த மூன்று நாளில் என்னதான் நடக்கிறது? செத்த டிஸ்கைத் திரும்பக் கணக்கிட எழுதி வைக்கும் உபரித் தகவலுக்குப் பாரிட்டி என்று பெயர். அதில் பெரிய மாயம் ஒன்றுமில்லை. ஏழு பேரிடம் ஆளுக்கொரு எண்ணைக் கொடுத்து, எட்டாவது ஆளிடம் கூட்டுத்தொகையைக் கொடுத்து வைக்கிற மாதிரி. யாராவது ஒருவர் காணாமல் போனால், மற்ற ஏழு பேரையும் கூப்பிட்டுக் கேட்டு, போனவரிடம் இருந்த எண்ணைக் கண்டுபிடித்துவிடலாம். உள்ளே உண்மையில் நடப்பது கூட்டல் இல்லை, எக்ஸ்ஓஆர் (XOR) என்ற பிட் கணக்கு. ஆனால் யோசனை அதேதான். இதில் ‘மற்ற ஏழு பேரையும்’ என்ற இடத்தில்தான் சிக்கல். ஏழு பேரும் ஒரு எண் விடாமல் சரியாகச் சொன்னால்தான் கணக்கு வரும்.

நம் பெட்டியில் அப்படிச் சொல்ல வேண்டியிருந்தது ஏழு டிஸ்குகள், தலைக்கு 4 டெராபைட், மொத்தம் 28 டெராபைட். சாதாரண டிஸ்கின் விவரத்தாளில் ஓரத்தில் ஒரு வரி இருக்கும்: நூறு லட்சம் கோடி பிட் படித்தால், படிக்க முடியாத பிழை அதிகபட்சம் ஒன்று. அது 12.5 டெராபைட். பெரிய சர்வர்களுக்கான டிஸ்குகளில் இதைவிடப் பத்து மடங்கு நன்றாக எழுதியிருப்பார்கள். உண்மையில் டிஸ்குகள் விவரத்தாளைவிட நன்றாகவே நடந்துகொள்கின்றன. இல்லையென்றால் உலகத்தில் ஒரு ரெய்டு 5 கூட மீண்டிருக்காது. ஆனாலும் அந்த வரியை வைத்துப் பார்த்தால், 28 டெராபைட்டை ஒரு பிழையும் இல்லாமல் படிப்பேன் என்று எந்தத் தயாரிப்பாளரும் எனக்கு வாக்குக் கொடுக்கவில்லை. நானாகத்தான் அந்த அலுவலகத்துக்குக் கொடுத்திருந்தேன்.

ரெய்டு 6-இல் இரண்டாவதாக இன்னொரு கணக்கும் எழுதி வைக்கிறோம்: ஒவ்வொரு எண்ணையும் ஒவ்வொரு எடையால் பெருக்கிக் கூட்டியது. இரண்டு சமன்பாடு இருந்தால் தெரியாத இரண்டு எண்களைக் கண்டுபிடிக்கலாம். ஒரு டிஸ்க் செத்திருக்கும்போது இன்னொன்று ஒரு செக்டாரை மறந்துவிட்டாலும் சமாளிக்கலாம். என்னைப் பொறுத்தவரை இரண்டாவது பாரிட்டி டிஸ்கின் முக்கியமான வேலை இதுதான். இரண்டு டிஸ்க் ஒரே நேரத்தில் சாகும் அபூர்வத்துக்காக என்பதைவிட, ஒன்று சாகும்போது மற்றது தடுமாறும் சாதாரணத்துக்காக.

டிஸ்க் எவ்வளவு அடிக்கடி சாகும் என்பதில் விளம்பரத்தை நம்பக் கூடாது. பத்து லட்சம் மணி நேரச் சராசரி ஆயுள் என்று அட்டையில் போட்டிருக்கும். கணக்குப்படி அது ஆண்டுக்கு 0.88 சதவீதம். 2007-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பெரிய நிறுவனங்களின் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். களத்தில் டிஸ்குகளை மாற்றும் விகிதம் பெரும்பாலும் 1 சதவீதத்துக்கு மேல், 2 முதல் 4 சதவீதம் சாதாரணம் என்று தெரிந்தது. இன்று நல்ல மாடல்களில் ஒன்றரை சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும், 12 டிஸ்க் உள்ள பெட்டியில் ஓராண்டில் ஒன்றாவது சாக 16 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. அதாவது ஐந்தாண்டு ஓடும் சர்வரில் ஒரு மரணத்தையாவது எதிர்பார்த்தே உட்கார வேண்டும்.

அதே 2007-இல் கூகுள் ஆட்கள் வெளியிட்ட ஆய்வில் ஒரு தகவல் என் மனதில் அப்படியே ஒட்டிக்கொண்டது. தன் பரப்பைத் தானே படித்துச் சோதிக்கும்போது முதல் பிழை காட்டிய டிஸ்க், பிழையே காட்டாத டிஸ்கைவிட, அடுத்த 60 நாளுக்குள் சாக 39 மடங்கு வாய்ப்பு அதிகம். ஆக டிஸ்க் பல நேரம் சொல்லிவிட்டுத்தான் போகிறது. கேட்க ஆள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. நம் கதையில் கத்தக்கூடச் செய்தது.

சரி, புதுச் சர்வருக்கு வருகிறேன். அப்போது கையிருப்பு 24 டெராபைட். மாதத்துக்கு ஒரு டெராபைட் கூடிக்கொண்டிருந்தது. நான்கு வருடத்தில் 72. கோப்புகளின் அந்தந்த நேரத்து நிலையைப் பிடித்து வைக்கும் ஸ்னாப்ஷாட்டுகளுக்கு ஒரு 8. ஆக 80. அமைக்கப்போவது இசட்எஃப்எஸ், ரெய்டு வேலையையும் தானே பார்த்துக்கொள்ளும் கோப்பு முறைமை. அதை 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பினால் வேகம் குறையத் தொடங்கும் என்பது பழைய பாடம். ஆகவே 100 டெராபைட் வேண்டும். இங்கே ஒரு சின்னக் குழி உண்டு. டிஸ்க் தயாரிப்பாளர் 16 டெராபைட் என்பதை ஆயிரமாயிரமாகப் பெருக்கிச் சொல்கிறார். இயங்குதளங்கள் பலவும் 1024-ஆகப் பெருக்கி 14.55 என்று காட்டும். யாரும் ஏமாற்றவில்லை. ஆனால் முதல் நாளே இதைச் சொல்லி வைக்காவிட்டால் “மிச்சம் எங்கே தம்பி?” என்று முதலாளி கேட்பார். கேட்டார்.

16 டெராபைட் டிஸ்குகள் 12. இவற்றை எப்படிப் பிரிப்பது என்பதில் ஒரு வாரம் போனது, எனக்குப் பிடித்த வாரம் அது. பன்னிரண்டையும் ஒரே ரெய்டு-இசட்2 குழுவாக்கினால், அதாவது ரெய்டு 6 போல இரண்டு பாரிட்டி வைத்தால், பத்து டிஸ்க் அளவு இடம், 160. இரண்டிரண்டாக மிரர் போட்டால், அதாவது ஒன்றின் நகலை மற்றதில் வைத்தால், 96. மூன்று பாரிட்டி வைத்த ஒரே குழு என்றால் 144. ஆறு ஆறாக இரண்டு ரெய்டு-இசட்2 குழு என்றால் 128.

காகிதத்தில் 160 தான் அழகாகத் தெரியும். ஆனால் ரெய்டு-இசட் குழு ஒன்று, சிதறிய சிறு வேலைகளில், ஏறக்குறைய ஒரே ஒரு டிஸ்கின் சுறுசுறுப்பைத்தான் தரும். 7200 சுற்று டிஸ்க் ஒன்றால் நொடிக்கு நூறு சொச்சம் தடவைதான் தலையை நகர்த்திப் போய் எதையாவது எடுக்க முடியும். ஆயிரம் சிறுபடங்கள் உள்ள ஒரு ஃபோல்டரை நான்கு பேர் ஒரே நேரத்தில் திறந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். பெரிய வீடியோவை நேராக இழுக்கும்போது 12 டிஸ்கும் சேர்ந்து ஓடும், அதில் குறை இல்லை. பயனர்கள் திட்டுவது ஃபோல்டர் திறக்க நேரமாகும்போதுதான். மிரர் ஆறு ஜோடி என்றால் இந்தச் சுறுசுறுப்பு குறைந்தது ஆறு மடங்கு. மறுகட்டமைப்பும் எளிது, ஜோடியில் உயிரோடு இருப்பதைப் படித்தால் முடிந்தது. டேட்டாபேஸ் என்றால் யோசிக்காமல் மிரர் போட்டிருப்பேன். ஆனால் ஒரு டிஸ்க் செத்தபிறகு அதன் ஜோடி மட்டும் தடுமாறினால் போதும், அந்த இடத்துத் தகவலுக்கு வேறு சாட்சி இல்லை. அனுபவப்பட்டவனுக்கு அந்த ஒரு ‘மட்டும்’ உறுத்தியது.

ஆறு ஆறாக இரண்டு குழு என்று முடிவானது. எந்தக் குழுவிலும் இரண்டு போகலாம். ஒரே குழுவில் மூன்றாவது போனால் மொத்தச் சேமிப்பும் போகும். குழுக்களின் மேல் தகவல் பரவிக் கிடப்பதால் ‘பாதியாவது மிஞ்சும்’ என்ற பேச்சுக்கே இடமில்லை. பலர் இதைத் தவறாக நினைத்திருக்கிறார்கள். ஒரு டிஸ்கை மாற்றும்போது மற்ற ஐந்து மட்டும்தான் சிரமப்படும், பதினொன்றும் இல்லை. பின்னால் இடம் பெருக்க வேண்டுமென்றால் இன்னொரு ஆறைச் சேர்க்கலாம், அல்லது ஒரு குழுவின் ஆறையும் ஒவ்வொன்றாகப் பெரிய டிஸ்காக மாற்றலாம். 2025 ஜனவரியில் வந்த ஓபன்இசட்எஃப்எஸ் 2.3-இலிருந்து ஏற்கெனவே உள்ள குழுவில் ஒரே ஒரு டிஸ்கைச் சேர்த்து அகலமாக்கவும் முடியும். வீட்டுச் சர்வருக்கு அது வரப்பிரசாதம். அலுவலகத்துக்கு நான் அதை நம்பித் திட்டமிட மாட்டேன். அகலம் கூடிக்கொண்டே போகும், பாரிட்டி அதே இரண்டுதான் இருக்கும்.

அப்புறம் ஒரு திருத்தம் செய்தேன். பன்னிரண்டையும் ஒரே நாளில் வாங்கவில்லை. முதலில் ஆறு, 64 டெராபைட். இரண்டு வருடம் கழித்து அடுத்த ஆறு. நான்கு வருடத்துக்கான இடத்தை இன்றே வாங்கி வெறுமனே சுழலவிடுவதில் அர்த்தமில்லை என்பது ஒரு காரணம். ஒரே நாளில், ஒரே பெட்டியில், ஒரே தயாரிப்புத் தொகுதியில் வந்த டிஸ்குகள் ஒரே மாதிரி மூப்படைகின்றன என்பது இன்னொன்று. அந்த ஆறையும் கூட இரண்டு இடத்தில் வாங்கினேன். இதில் ஒரு குறை உண்டு: புதுக் குழுவைச் சேர்த்தவுடன் பழைய தகவல் தானாகச் சமமாகப் பரவாது. புதிதாக எழுதுவது காலியான பக்கமாகச் சாயும். வீடியோ வந்து போய்க்கொண்டிருக்கும் இடத்தில் சில மாதத்தில் தானே சரியாகிவிடும்.

டிஸ்க் வாங்கும்போது பார்த்தே ஆக வேண்டியது எழுதும் முறை. சில டிஸ்குகளில் தடங்களை ஓட்டுக்கூரையில் ஓடு வேய்வது போல ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி அடுக்கியிருப்பார்கள். எஸ்எம்ஆர் என்று பெயர். நடு ஓட்டை மாற்ற மேலே உள்ள வரிசையை எல்லாம் கழற்ற வேண்டியிருப்பது போல, ஒரு இடத்தில் திருத்தி எழுதப் பக்கத்துத் தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். படிப்பதற்குக் குறையில்லை. தொடர்ந்து எழுதினால் மூச்சு வாங்கும், மறுகட்டமைப்பு என்பதோ தொடர்ந்து எழுதுவதுதான். 2020-இல் நாஸுக்கென்றே விற்ற சில டிஸ்குகள் இந்த வகை என்பது விவரத்தாளில் சொல்லப்படாமல் இருந்தது வெளியே வந்து பெரிய சண்டையானது. தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத வகைக்குச் சிஎம்ஆர் என்று பெயர். அப்படித் தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறேன்.

இன்னொன்று, தவறு நேர்ந்தால் டிஸ்க் எவ்வளவு நேரம் போராடுகிறது என்பது. மேசைக் கணினி டிஸ்க், படிக்க முடியாத செக்டாரைத் திரும்பத் திரும்பப் படிக்க முயன்று நிமிடக்கணக்கில் மௌனமாகிவிடலாம். லினக்ஸ் வழக்கமாக 30 நொடிதான் பொறுக்கும். அதற்குள் பதில் வராவிட்டால் இணைப்பையே மீட்டமைக்கும், நல்ல டிஸ்கும் செத்ததாகக் கணக்காகலாம். நாஸ் வகை டிஸ்குகள் பெரும்பாலும் 7 நொடியில் ‘முடியவில்லை’ என்று ஒப்புக்கொள்ளும். அதுதான் நமக்கு வேண்டும். பக்கத்தில் ஐந்து பேர் இருக்கும்போது ஒருவரே முக்கி முக்கி யோசிக்க வேண்டிய தேவை இல்லை.

மற்ற சாமான்களைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ரெய்டு கார்டு வேண்டாம், டிஸ்குகளை அப்படியே இயங்குதளத்துக்குக் காட்டும் எளிய எச்பிஏ கார்டு போதும். ரெய்டு கார்டு செத்தால் அதே வகைக் கார்டைத் தேடி அலைய வேண்டும். பிட் பிழைகளைத் தானே திருத்திக்கொள்ளும் இசிசி நினைவகம், ஆம். யூபிஎஸ், கண்டிப்பாக, சர்வரோடு கேபிளால் பேசி மின்சாரம் போனதும் ஒழுங்காக அணைக்கச் சொல்கிற வகை. பழைய ரெய்டு 5-இல் தகவல் எழுதி பாரிட்டி எழுதுவதற்குள் மின்சாரம் போனால் இரண்டும் பொருந்தாமல் நிற்கும். இசட்எஃப்எஸ் பழையதன் மேல் எழுதாமல் புது இடத்தில் எழுதிவிட்டுக் கடைசியில்தான் முகவரியை மாற்றுவதால் அந்தத் தொல்லை இல்லை. 10 கிகாபிட் வலை வேண்டுமா என்றால், ஒரு கிகாபிட் கேபிளில் நொடிக்கு 110 மெகாபைட்தான் போகும், ஒரே டிஸ்க் அதைவிட வேகம். டிஸ்குக்குச் செலவழித்துவிட்டுக் கேபிளில் மிச்சம் பிடித்தால் வந்த வேகம் வாசலிலேயே நின்றுவிடும்.

பெட்டி வாங்கியதில் மட்டும் எனக்கு ஒரு சின்னப் பெருமை உண்டு. 12 டிஸ்குக்குத் திட்டம், வாங்கியது 16 அறை உள்ளது. “நாலு அறை சும்மா கிடக்குமா?” என்றார் முதலாளி. சும்மா கிடப்பதில்தான் விஷயம். ஒரு டிஸ்க் தடுமாறத் தொடங்கினால், அதைப் பிடுங்காமலே புது டிஸ்கைக் காலி அறையில் செருகி, ‘அதற்குப் பதில் இது’ என்று சொல்லிவிடலாம். முடியும்வரை பழையதும் கூடவே இருந்து, தன்னால் முடிந்ததைப் படித்துக் கொடுத்துக்கொண்டிருக்கும். இரண்டு பாரிட்டியும் குறையாமல் அப்படியே நிற்கும். காலி அறை இல்லாத பெட்டியில் முதல் வேலையே உயிரோடு இருக்கும் டிஸ்கை உருவுவதுதான். மூச்சுப் பிடிக்கும் நேரத்தை நாமே தொடங்கி வைப்பது.

உருவுவது என்றதும் இன்னொரு பழைய தப்பு நினைவுக்கு வருகிறது. வேறொரு இடத்தில், பல வருடம் முன்பு, செத்த டிஸ்குக்குப் பதில் பக்கத்தில் இருந்த நல்ல டிஸ்கை உருவியிருக்கிறேன். எஸ்டிசி (sdc) என்று திரையில் வந்தது, ‘சி’ என்றால் மூன்றாவது என்று மூன்றாவதை உருவினேன். அந்தப் பெயர்கள் கணினியை மறுபடி தொடங்கும்போது இடம் மாறும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் இரவு பதினொரு மணிக்குக் கை அதைத்தான் செய்தது. அதனால் இப்போது டிஸ்கைச் செருகும் ஒவ்வொரு தட்டின் முகப்பிலும் டிஸ்கின் வரிசை எண்ணில் கடைசி நான்கு எழுத்து ஒட்டியிருக்கும். இசட்எஃப்எஸ்ஸிலும் அந்த வரிசை எண்ணையே பெயராகக் கொடுத்துத்தான் சேர்ப்பேன். திரையில் வருவதும் தட்டில் இருப்பதும் ஒன்றாக இருந்தால்தான் உருவலாம்.

டிஸ்குகள் வந்ததும் நேராகத் தகவலை ஏற்றவில்லை. நான்கு விதமான வடிவங்களை முழுப் பரப்பிலும் எழுதி, ஒவ்வொன்றையும் திரும்பப் படித்துச் சரிபார்க்கும் சோதனையை ஓடவிட்டேன். எட்டு முறை முழு டிஸ்கையும் கடக்க வேண்டும், 16 டெராபைட்டுக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். “புதுசுதானே, எதுக்கு?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஆறாம் நாள் ஒரு டிஸ்கில் கேபிள் பிழை எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் 199-வது வரி. இந்த வரி ஏறினால் பெரும்பாலும் டிஸ்க் மேல் குற்றமில்லை, கேபிளைப் பாருங்கள். இது தெரியாமல் ஒரு காலத்தில் இரண்டு நல்ல டிஸ்குகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். 5-வது வரியோ 197-ஆவதோ ஏறினால்தான் டிஸ்கின் பரப்பே கெடுகிறது என்று பொருள்.

“தம்பி, ரெண்டு டிஸ்க் போனாலும் ஒண்ணும் ஆகாதுங்கிறீங்க. அப்புறம் எதுக்கு இன்னொரு பெட்டி?”

இந்தக் கேள்வி வராத திட்டக் கூட்டம் ஒன்று கூட நான் பார்த்ததில்லை. யாரோ ஒரு ஃபோல்டரைத் தவறிப்போய் அழித்தால், ரெய்டு அந்த அழிப்பை எல்லா டிஸ்கிலும் மிகச் சரியாக, பாரிட்டியோடு, செய்து முடிக்கும். ரான்சம்வேர் வந்தால் பூட்டப்பட்ட கோப்புகளையும் அதே அக்கறையோடு பாதுகாக்கும். ஸ்னாப்ஷாட் இதற்கு நல்ல மருந்து. மணிக்கொன்று எடுத்து வைத்தால், விண்டோஸில் வலது கிளிக் செய்து முந்தைய பதிப்பை அவர்களே எடுத்துக்கொள்ளும்படி, சர்வரின் கோப்புகளை விண்டோஸுக்குக் காட்டும் சாம்பா மென்பொருளில் வசதி செய்து கொடுக்கலாம். அதன் பிறகு எனக்கு வரும் அழைப்புகள் பாதியாகிவிட்டன. ஆனால் ஸ்னாப்ஷாட்டும் அதே பெட்டிக்குள்தான் இருக்கிறது. தீயோ திருட்டோ வந்தால் பெட்டியோடு போகும்.

ஆகவே இரண்டாவது பெட்டி, வேறு கட்டடத்தில். அதற்குச் சுறுசுறுப்பு தேவையில்லை, அகலமான ஒரே குழு போதும். ஒரு விதி மட்டும் வைத்தேன்: முதல் சர்வர் அதற்குள் தள்ளக் கூடாது, அதுவே வந்து இழுத்துக்கொள்ள வேண்டும். முதல் சர்வரின் கடவுச்சொல் யார் கையில் சிக்கினாலும் அதை வைத்து இரண்டாவதை அழிக்க முடியாது. இன்னொன்றையும் கணக்குப் பார்த்தேன். எல்லாம் போய் 48 டெராபைட்டைத் திரும்பக் கொண்டுவர வேண்டுமென்றால் கிகாபிட் வேகத்தில் ஐந்து நாள். பேக்கப் இருந்தும் ஐந்து நாள் அலுவலகம் நிற்கும். அதனால் அப்படி ஒரு நாள் வந்தால் இரண்டாவது பெட்டியை அப்படியே வண்டியில் ஏற்றி இங்கே கொண்டுவந்து அதிலேயே வேலையைத் தொடங்குவது என்று முடிவு. மெதுவாக ஓடும். ஆனால் அன்றைக்கே ஓடும்.

கடைசியாக ஒத்திகை. கோப்புகளை ஏற்றும் முன், அலுவலகத்தில் கணினி விஷயங்களைப் பார்த்துக்கொள்ளும் பையனைக் கூப்பிட்டு ஒரு தாளைக் கையில் கொடுத்தேன். டிஸ்க் செத்தால் என்ன செய்ய வேண்டும் என்று பதினோரு படி. “நான் ஊரில் இல்லைன்னு வெச்சுக்கோ. ஃபோனும் எடுக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டு, அவன் பார்க்காதபோது ஒரு டிஸ்கை உருவி வைத்தேன்.

அரை மணி நேரத்தில் மூன்று ஓட்டை தெரிந்தது. எச்சரிக்கை மின்னஞ்சல் ஸ்பேம் பெட்டிக்குள் போயிருந்தது. நான்காவது, ஐந்தாவது தட்டுகளின் சீட்டுகளை நான்தான் மாற்றி ஒட்டியிருந்தேன். தாளின் ஏழாவது படி, எழுதிய எனக்கே புரியவில்லை. பையன் நிமிர்ந்து, “அண்ணா, ‘மேற்படி குழு’ன்னா எது?” என்றான். உட்கார்ந்து திருத்தி எழுதினோம். மின்னஞ்சலையும் மாற்றினோம்: பிழை வந்தால் மட்டும் வருவதற்குப் பதிலாக, ஒவ்வொரு திங்களும் ‘நலம்’ என்று ஒரு வரி வரும். வராத திங்கள்கிழமை எழுந்து போய்ப் பார்க்க வேண்டும். மாதத்துக்கு ஒரு ஸ்கிரப், எல்லாத் தகவலையும் படித்து, எழுதும்போதே குறித்து வைத்த சரிபார்ப்பு எண்ணான செக்சம்மோடு ஒப்பிட்டுப் பார்க்கும். பழைய பெட்டியில் அந்தப் படிக்க முடியாத செக்டார் எத்தனை மாதம் யாரும் தொடாமல் கிடந்ததோ. ஸ்கிரப் ஓடியிருந்தால், ஏழு டிஸ்கும் கூடவே ஆரோக்கியமாக இருந்த ஏதோ ஒரு நாளில் சத்தமில்லாமல் சரிசெய்திருக்கும்.

ஒன்பதாவது மாதம், திங்கள் மின்னஞ்சலில் ‘நலம்’ என்பதற்குப் பதில் வேறு ஏதோ இருந்தது. இரண்டாவது தட்டு, 197-வது வரி, 8. நான் பயணத்தில் இருந்தேன். பையனைக் கூப்பிடலாம் என்று ஃபோனை எடுப்பதற்குள் அவனிடமிருந்தே செய்தி: “போட்டுட்டேன் அண்ணா, காலி அறைல. ஓடுது.” மாற்றி முடிக்க 19 மணி நேரம் ஆனது. இசட்எஃப்எஸ் எழுதப்பட்ட இடத்தை மட்டும் கட்டுவதால் முழு டிஸ்க் அளவு நேரம் ஆகவில்லை. அலுவலகத்தில் அன்று யாரும் எதையும் கவனிக்கவில்லை. கவனிக்க எதுவும் இல்லை, பெட்டி கத்தக்கூட இல்லை.

தப்பாகப் போனது வேறொன்று. மாதத்துக்கு ஒரு டெராபைட் என்று போட்ட கணக்கு. அவர்கள் கேமராவை மாற்றினார்கள், ஒவ்வொரு படப்பிடிப்பும் முன்பைப்போல இரண்டு மடங்கு கோப்புகளோடு வரத் தொடங்கியது. இரண்டு வருடம் தாங்கும் என்ற முதல் ஆறு டிஸ்க் பதினான்காவது மாதத்தில் 80 சதவீதத்தைத் தொட்டுவிட்டது. அடுத்த ஆறுக்குப் பட்டியல் எழுதி முதலாளி மேசையில் வைத்து மூன்று வாரம் ஆகிறது. நேற்றுக் கேட்டபோது, “போன வருஷம்தானே தம்பி வாங்கினோம்?” என்றார்.